தெப்பப் போட்டிக்கு எதில் கட்டுவது: வாழைத்தடையா, மூங்கிலா, ட்ரம்மா, டியூபா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் ஊர் ஆற்றுவிழாவின் தெப்பப் போட்டிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் இரண்டு குழுக்கள் என்னைத் தேடி வந்துவிட்டன. ஒன்று, அருமனைப் பக்கத்திலிருந்து வரும் கல்லூரி மாணவர்கள் நான்கு பேர். இன்னொன்று, முன்சிறைக்கு அருகே உள்ள ஒரு மகளிர் சுய உதவிக் குழு. "அண்ணா, எதில் கட்டினால் ஜெயிக்கலாம்?" என்று தம்பிகள் கேட்டார்கள். "எதில் கட்டினால் பத்திரமாகக் கரை சேரலாம்?" என்று அக்காமார் கேட்டார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் ஒரே விடை கிடையாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விதிகள் எளிமையானவை. தெப்பத்தைக் குழுவே கட்ட வேண்டும். கடையில் வாங்கிய படகோ, ஃபைபர் வள்ளமோ கூடாது. இயந்திரம் கூடாது. நான்கு பேர் ஏற வேண்டும். ஏறக்குறைய முந்நூறு மீட்டர், ஒரு கடவிலிருந்து (ஆற்றில் இறங்கும் துறை) அடுத்த கடவு வரை. நான்கு பேரும் தெப்பத்தோடு வந்து சேர்ந்தால்தான் கணக்கு.

## முதலில் எதை வைத்து எடைபோடுவது

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் மிதக்குமா என்றுதான் கவலைப்படுகிறார்கள். அது கணக்கு போட்டால் தீர்ந்துவிடும் கவலை. ஆற்றுத் தண்ணீரில் ஒரு லிட்டர் இடத்தை அடைக்கும் பொருள் ஒரு கிலோவைத் தாங்கும். அதிலிருந்து அந்தப் பொருளின் சொந்த எடையைக் கழித்துவிடுங்கள். மீதி உங்களுக்கு. ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தால் நான்கு பேர் 260 கிலோ. சட்டம், பலகை, துடுப்பு எல்லாம் சேர்த்து 60 கிலோ. ஆக 320. இதை ஒன்றரை மடங்காக்கி 480 கிலோ தாங்கும்படி கட்டுங்கள் என்பது என் கணக்கு. ஏனென்றால் நான்கு பேரும் ஒருபோதும் நடுவில் சமமாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஒருவர் எட்டித் துடுப்பு போடுவார், ஒரு மூலை தாழும். எங்கோ ஒரு மூடி கசியும். அதற்குத்தான் அந்தப் பாதி.

உண்மையான கவலை வேறு. எங்கள் கடவில் முன்பு ஓடம் தள்ளிய பாட்டா ஒருவர் இருந்தார். நாங்கள் முதன்முதலில் தெப்பம் கட்டியபோது கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், கடைசியில் சொன்னார்: "மக்களே, மிதக்கிறது பெரிய காரியமில்லை. தேங்காய்கூட மிதக்கும். சொன்ன வழிக்குப் போக வேண்டும்." அந்த ஆண்டு எங்கள் தெப்பம் ஆற்றின் நடுவில் மூன்று முறை வட்டமடித்தபோதுதான் அவர் சொன்னது புரிந்தது. ஆகவே என் இரண்டாவது அளவுகோல், நேராகப் போகுமா என்பது. நீளமும் குறுகலும் உள்ள தெப்பம் நேராகப் போகும், வேகமாகவும் போகும். சதுரமாகக் கட்டியது சுற்றும்.

மூன்றாவது, ஆறு. நம் மாவட்டத்தில் எல்லா ஆறும் ஒன்றல்ல. கோதையாறும் பறளியாறும் மூவாற்றுமுகத்தில் கூடுகின்றன. அங்கிருந்து குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணம் போகும்வரை அந்த ஒரே ஆறு பாறை, மணல், ஆழமான கயம், தடுப்பணைக்கு மேல் தேங்கிய தண்ணீர், கடலோரக் காயல் என்று பல முகம் காட்டும். பழையாறு அதன் கடைப்பகுதியில், மணக்குடிப் பக்கம், இன்னொரு குணம். எந்த இடத்தில் போட்டி என்று தெரியாமல் தெப்பத்துக்குப் பொருள் வாங்காதீர்கள்.

நான்காவது, கட்டும் கைகளும் கொண்டுபோகும் வண்டியும். ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை: போட்டி முடிந்த மறுநாள் அந்தத் தெப்பம் என்ன ஆகும்? விழா முடிந்து ஒரு வாரம் கழித்து ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று தெரியும்.

## ஒரே பார்வையில்

| தெப்பம் | ஒன்று தாங்குவது | நான்கு பேருக்கு | நேராகப் போகுமா | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| வாழைத்தடை | மரத்துக்கு மரம் மாறும் | 16க்குக் குறையாமல் | சுமார் | தூக்கும் ஆட்கள், கறை |
| மூங்கில் (6 மீட்டர், 10 செ.மீ. தடிமன்) | சுமார் 30 கிலோ | 16 | நன்றாக | வண்டி, கட்டும் நேரம் |
| 200 லிட்டர் ட்ரம் | சுமார் 190 கிலோ | 4 | வைக்கும் விதத்தைப் பொறுத்து | சட்டம், கழுவுதல் |
| லாரி டியூப் | 100 கிலோவுக்கு மேல் | 5 அல்லது 6 | போகாது | பஞ்சர், பம்ப் |
| 2 லிட்டர் பாட்டில் | 2 கிலோ | 240 | சுமார் | வலை, பொறுமை |

## வாழைத்தடை

வாழைத்தடை என்று எங்கள் பக்கம் சொல்வது, குலை வெட்டிய பிறகு நிற்கும் முழு மரத்தை. மழைக்காலத்தில் தோப்பில் தண்ணீர் ஏறினால் இதை வெட்டித் தெப்பம் கட்டி விளையாடாத பிள்ளைகள் மேற்குப் பகுதியில் அநேகமாக இருக்க மாட்டார்கள். மட்டைகளுக்குள் அடுக்கடுக்காகக் காற்றறைகள் இருப்பதால்தான் அவ்வளவு தண்ணீரைச் சுமந்துகொண்டும் அது மிதக்கிறது. ஒரு தடையைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். தேன்கூட்டைப் போல வெள்ளை அறைகள் வரிசையாகத் தெரியும். ஓரத்தில் கறை முத்துமுத்தாகக் கசிந்து நிற்கும். கையில் பட்டால் பிசுபிசுக்கும், துணியில் பட்டால் போகவே போகாது.

இதன் பெரிய பலம், காசு இல்லை. குலை வெட்டியவர் "எடுத்துக்கொண்டு போங்கள்" என்பார். காற்றில் சாய்ந்த மரம் கிடைத்தால் அவருக்கும் உதவி. கட்டுவதும் எளிது. தடைகளை அடியும் நுனியும் மாற்றி மாற்றி வரிசையாக அடுக்கி, கமுகு வாரியை (பாக்குமரத்தைப் பிளந்த சட்டம்) சீவி முன்னும் பின்னும் நடுவிலுமாக மூன்று இடத்தில் குறுக்கே அடித்து ஏற்றினால் போதும். ஒரு முடிச்சுகூடத் தேவைப்படாது. மேலே இரண்டு கயிறு கட்டினால் கூடுதல் உறுதி. செவ்வாழை, பேயன் போலப் பருத்த மரங்கள் நல்லது. மெலிந்த மரங்கள் எண்ணிக்கையைக் கூட்டும்.

எவ்வளவு தாங்கும் என்பதற்கு அட்டவணையில் எண் போடாததற்குக் காரணம், மரத்துக்கு மரம் மாறுகிறது. நீங்களே பாருங்கள். ஒரு மீட்டர் துண்டு வெட்டித் தொட்டியில் போட்டு, அது முழுதாக முங்கும்வரை மேலே கல் வையுங்கள். கல்லின் எடையைத் தடையின் நீளத்தால் பெருக்கினால் கிடைப்பதுதான் அது தாங்கும் எடை. எங்கள் அனுபவத்தில் ஐந்தாறு தடையில் இரண்டு சிறுவர்கள் வசதியாகப் போவார்கள். நான்கு பெரியவர்களுக்குப் பதினாறுக்குக் குறையாமல் வேண்டியிருந்தது.

அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பதினாறு தடை என்றால் பெரும் பாரம். கட்டிய பிறகு நான்கு பேரால் அசைக்க முடியாது. ஆகவே தண்ணீரின் விளிம்பிலேயே கட்ட வேண்டும். வேகம் எடுக்க நேரமாகும். எடுத்த வேகத்தை நிறுத்தவும் முடியாது. மேற்பரப்பு வழுக்கும், கோணிச்சாக்கு விரித்தே ஆக வேண்டும். வெட்டிய மறுநாள் மிதப்பதுபோல் நான்காம் நாள் மிதக்காது, தண்ணீர் குடித்து அமிழத் தொடங்கும். ஆகவே ஒத்திகை பார்த்த தெப்பத்திலேயே போட்டிக்குப் போகலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

ஆனால் என் மனதுக்கு மிகவும் பிடித்த தெப்பம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். போட்டி முடிந்ததும் கமுகு வாரியை உருவிவிட்டால் தடைகளை மாட்டுக்கு நறுக்கிப் போடலாம், தோப்பில் மூடாக்காக இடலாம். ஆற்றில் ஒரு துண்டு பிளாஸ்டிக் மிஞ்சாது. சிறுவர் பிரிவுக்கு இதைத் தவிர வேறு எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கூர்மையான ஆணி கிடையாது, கம்பி கிடையாது, ஒரு தடை கழன்றால் அதையே பிடித்துக்கொண்டு மிதக்கலாம்.

## மூங்கில்

ஜெயிக்க வேண்டும் என்றால் மூங்கில்தான் முதலில் நினைவுக்கு வர வேண்டும். ஆறு மீட்டர் நீளம் இயற்கையாகவே கிடைக்கிறது. நுனி மெலிந்தும் அடி தடித்தும் இருப்பதால், நுனிகளை முன்பக்கம் சேர்த்துக் கட்டினால் தெப்பத்துக்குத் தானாகவே ஒரு மூக்கு கிடைத்துவிடும். பின்பக்கம் அகலமாக இருக்கும், அங்கே ஆள் உட்காரலாம். தண்ணீரில் அதிகம் ஆழாது என்பதால் பாறையும் மணல்திட்டும் உள்ள இடத்தில் தேய்த்துக்கொண்டே தாண்டிவிடும். ட்ரம் தெப்பம் அங்கே முட்டிக்கொண்டு நிற்பதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

கணக்கு: பத்து சென்டிமீட்டர் தடிமனும் ஆறு மீட்டர் நீளமும் உள்ள கழி சுமார் 47 லிட்டர் இடத்தை அடைக்கும். நன்றாகக் காய்ந்தது என்றால் அதன் எடை போக முப்பது கிலோ அளவுக்கு மிஞ்சும். பச்சை மூங்கில் என்றால் இது வெகுவாகக் குறையும். ஆகவே குறைந்தது சில வாரங்களாவது நிழலில் காய்ந்ததாக வாங்குங்கள். கட்டட வேலைக்குச் சாரம் கட்டும் மெல்லிய கழிகளை வாடகைக்கு எடுக்கலாமே என்று தம்பிகள் கேட்டார்கள். ஏழரை சென்டிமீட்டர் கழி அடைக்கும் இடம் அதில் பாதியைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். பதினாறுக்குப் பதில் முப்பது கழி வேண்டும், இரண்டு அடுக்காகக் கட்ட வேண்டும். மேலும் சாரக் கழிகளில் வெடிப்பும் ஆணித்துளையும் இருக்கும். வாங்குமுன் ஒவ்வொன்றையும் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வரும் கணு கெட்டுப்போன கணு.

மூங்கிலை மிதக்க வைப்பது அந்தக் கணுக்களுக்கு இடையே அடைபட்ட காற்று. அதனால் போல்ட் போடத் துளைக்கவே கூடாது. துளைத்த இடத்தில் தண்ணீர் ஏறும். எல்லாவற்றையும் கட்டித்தான் சேர்க்க வேண்டும். நம் கடற்கரையில் கட்டுமரம் என்ற பெயரே அப்படித்தானே வந்தது. ஆங்கிலேயர்கள் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு இன்று உலகம் முழுவதும் இரட்டை உடல் படகுகளுக்கு வைத்திருக்கிறார்கள். கடலுக்குப் போய்வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் கரையில் உலர்த்தும் வழக்கம் மீனவர்களிடம் உண்டு. உலர்ந்தால்தான் மரம் தண்ணீர் குடித்துக் கனக்காது. மூங்கிலுக்கும் அதே பாடம். ஒத்திகை முடிந்ததும் தெப்பத்தைத் தண்ணீரிலேயே விட்டுவிடாதீர்கள்.

கயிறு விஷயத்தில் பலர் தவறு செய்கிறார்கள். பளபளக்கும் நைலான் கயிறு மூங்கிலின் வழுவழுப்பில் நிற்காது, நனைந்தால் இழுபடும். தும்புக் கயிறு சொரசொரப்பாக இருப்பதால் கவ்விப் பிடிக்கும். அதைவிட நல்லது, பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கீறி எடுத்த நாடா. இழுத்துச் சுற்றினால் தானே இறுகி நிற்கும். முடிச்சு அவிழவே அவிழாது. எங்கள் ஊர் சைக்கிள் கடைக்காரர் ஒரு சாக்கு நிறைய சும்மா கொடுத்தார். ஒரே கயிற்றால் முதலிலிருந்து கடைசிவரை சுற்றாமல் ஒவ்வொரு சந்திப்பையும் தனித்தனியாகக் கட்டுங்கள். ஒன்று அறுந்தால் ஒன்றுதான் போகும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, நேரம். நான்கு குறுக்குக் கழி, பதினாறு நீளக் கழி என்றால் அறுபத்து நான்கு கட்டு. பழக்கமில்லாத கைகளுக்கு அது இரண்டு முழு நாள் வேலை. இரண்டு, வண்டி. ஆறு மீட்டர் கழியை ஏற்ற டெம்போ வேண்டும், பின்னால் சிவப்புத் துணி கட்ட வேண்டும், மலையோர வளைவுகளில் பையப் பையத்தான் ஓட்ட முடியும். 2017ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு காட்டுக்கு வெளியே வளர்த்த மூங்கில் வனச்சட்டத்தில் மரமாகக் கருதப்படுவதில்லை. காட்டுக்குள் இருப்பது அப்படியல்ல. மலைக்குப் போய் வெட்டிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தோட்டத்தில் வளர்ப்பவரிடம் காசு கொடுத்து வாங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூங்கில் தெப்பத்தில் கால் நனையாமல் போக முடியாது. கழிகளுக்கு இடையே தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். முழங்காலிட்டு உட்கார்ந்து துடுப்பு போடத் தயாரானவர்களுக்கே இது.

## பிளாஸ்டிக் ட்ரம்

நீல ட்ரம்மைப் பார்த்ததும் எல்லோருக்கும் தைரியம் வந்துவிடுகிறது. ஒரு 200 லிட்டர் ட்ரம்மின் எடை ஒன்பது, பத்து கிலோதான். தாங்குவது 190 கிலோ. நான்கு ட்ரம் போட்டால் 760. ஒன்று கசிந்து நிரம்பினாலும் மூன்று காப்பாற்றும். நான்கு பேர் ஏறியும் ட்ரம் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் அமிழும். இந்தப் பாதுகாப்பை வேறு எந்தத் தெப்பமும் தராது.

ஆனால் எங்கள் மிக மோசமான போட்டி இதில்தான் நடந்தது. நான்கு ட்ரம்மையும் ஆற்றுக்குக் குறுக்கே, சாலைபோடும் உருளைபோல வைத்து மேலே பலகை அடித்தோம். பார்க்க அழகாக இருந்தது. இறங்கிய உடனே ஒவ்வொரு ட்ரம்மும் தனக்கு முன்னால் ஒரு திட்டுத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனது. எவ்வளவு துழாவினாலும் தெப்பம் நகரவில்லை. பலகை உயரமாக இருந்ததால் முன்னால் இருந்த இரண்டு பேரின் துடுப்பு பாதி வீச்சில் காற்றையே அடித்தது. நடுவழியில் வலது பின்மூலை மெல்லத் தாழ்ந்தது. நாங்கள் யாரும் முதலில் கவனிக்கவில்லை. பின்னால் இருந்தவன் இடுப்பளவு நனைந்த பிறகுதான் கத்தினான். ஒரு ட்ரம்மின் மூடி கீழ்ப்பக்கம் இருந்தது, திருகு சரியாக ஏறவில்லை, அவ்வளவுதான். கரைசேர இன்னும் நூறு மீட்டர் இருந்தது. நாங்கள் சேரவில்லை.

அதிலிருந்து கற்றவற்றைச் சொல்கிறேன். ட்ரம்களை நீளவாக்கில், ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டு வரிசையாக வையுங்கள். வரிசைக்கு மூன்று வைக்க முடிந்தால் இன்னும் நல்லது, மொத்த நீளம் ஏறக்குறைய 2.8 மீட்டர் ஆகும், நேராகப் போகும். வரிசைகளுக்கு நடுவே ஒன்றேகால் மீட்டர் இடைவெளி போதும். மேலே உயரமாகத் தளம் போடாமல், ட்ரம்மின் மீதே குதிரையில் உட்காருவதுபோல் இரண்டு பக்கமும் கால்போட்டு உட்காருங்கள். பாரம் தாழும், துடுப்பும் தண்ணீருக்கு எட்டும். முன்னால் உள்ள ட்ரம்களின் தட்டையான முகத்தில் ஒரு பெரிய வாளியை, அதன் அடிப்பாகம் முன்பக்கம் பார்க்கும்படி இறுகக் கட்டினோம். தண்ணீரைத் தள்ளுவது கண்ணுக்குத் தெரியக் குறைந்தது.

வாய் முழுவதும் திறக்கும் ட்ரம்மை எடுக்காதீர்கள். மேலே இரண்டு சிறிய திருகுமூடி மட்டும் உள்ளதை எடுங்கள். திருகில் டெஃப்லான் டேப் சுற்றி இறுக்குங்கள். படுக்க வைக்கும்போது இரண்டு மூடியும் நீர்மட்டத்துக்கு மேலே வரும்படி திருப்பி வையுங்கள். மத்தியான வெயிலில் சூடேறிய ட்ரம்மை மூடாதீர்கள். ஆற்றில் இறக்கியதும் உள்ளே உள்ள காற்று குளிர்ந்து சுருங்கும், ட்ரம்மின் வயிறு உள்வாங்கும், மூடி லேசாக இருந்தால் தண்ணீரையும் இழுக்கும். அதிகாலையில் நிழலில் வைத்து மூடுங்கள்.

இனி மறைந்திருக்கும் செலவு. ட்ரம் மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் உருண்டையான வழுவழுப்பான பொருளை ஒரு சட்டத்தில் நிறுத்துவதற்கு ஆகும் மரமும் கட்டும் ட்ரம்மைவிட அதிகமாகிவிடும். கயிற்றைச் சுற்றினால் மட்டும் நிற்காது. இரண்டு பக்கமும் நீளக் கழி வைத்துத் தொட்டில்போல அணைத்துக் கட்ட வேண்டும். அடுத்து, அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். குலசேகரம் பக்கம் ரப்பர்ப் பாலை உறையாமல் வைக்க அம்மோனியா கலந்து ட்ரம்மில் அடைப்பது வழக்கம். அந்த ட்ரம்மைத் திறந்தால் கண் எரியும். வேறு ரசாயனங்களும் இருக்கலாம். வீட்டில் வைத்துக் கழுவி, அந்தத் தண்ணீரை ஆற்றுக்குப் போகாத இடத்தில் ஊற்றுங்கள். கடவில் வைத்துக் கழுவுவது பெரிய பாவம். அதே தண்ணீரில்தான் கீழ்க்கடவில் குளிக்கிறார்கள்.

ட்ரம்மின் நல்ல பக்கம், அடுத்த ஆண்டும் பயன்படும். போட்டி முடிந்ததும் தோட்டத்தில் தண்ணீர் பிடிக்க வைத்துக்கொள்ளலாம். ஆழமான, தேங்கிய தண்ணீரில், நீந்தத் தயங்குகிறவர்கள் இருக்கும் குழுவுக்கு இதுதான் சரி. காயலோரத்தில் மட்டும் யோசியுங்கள். மதியத்துக்குப் பிறகு கடற்காற்று ஏறும்போது உயரமாக நிற்கும் ட்ரம் தெப்பத்தைக் காற்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். மூங்கில் அவ்வளவு காற்று வாங்காது.

## லாரி டியூப்

எடை குறைவு, காற்றைத் திறந்துவிட்டால் ஒரு பைக்கில்கூடக் கொண்டு போகலாம். டியூப் இல்லாத டயர்கள் பெருகிவிட்டதால் பழைய டியூப் முன்புபோல் எளிதாகக் கிடைப்பதில்லை. ஐந்தாறு கிடைத்தால் நான்கு பேரைத் தாங்கும்.

இதைப் போட்டிக்கு நான் பரிந்துரைக்கவில்லை. வட்டமான பொருள் தண்ணீரில் திசை அறியாது. எடையைப் பக்கம் மாற்றினால் நெளியும். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் ஆற்றங்கரை முழுவதும் கைதை, அதாவது தாழை. தண்ணீருக்குள் விழுந்து கிடக்கும் கைதை ஓலையின் விளிம்பு முள் டியூபைக் கீறிவிடும். கரையோரம் ஒதுங்கிய கணமே ஆபத்து. கைதை இல்லாத அகன்ற மணல் கடவில், போட்டிக்காக இல்லாமல் விளையாட்டுக்கு மிதக்க நினைப்பவர்களுக்கு நல்லது. காற்றடிக்கும் வால்வு உடம்பைக் கிழிக்கும், அதை உள்பக்கமாகத் திருப்பித் துணி சுற்றுங்கள்.

## பாட்டிலும் தெர்மக்கோலும்

இருநூற்று நாற்பது பாட்டிலைச் சேர்த்து, மூடி இறுக்கி, மீன்வலைக்குள் அடைத்துக் கட்டிய ஒரு பள்ளிக் குழுவைப் பார்த்திருக்கிறேன். பத்துப் பாட்டில் நசுங்கினாலும் தெப்பம் அசையவில்லை. குப்பையைச் சேகரிக்கும் நல்ல காரியமும் அதில் உண்டு. ஆனால் வலை கிழிந்தால் அந்த 240 பாட்டிலும் தேங்காப்பட்டணம் வழியாக அரபிக்கடலுக்குப் போய்ச்சேரும். இரட்டை வலை போட்டு, எண்ணி இறக்கி, எண்ணி ஏற்றுவதாக இருந்தால் மட்டும் கட்டுங்கள். பாட்டிலுக்குப் பதில் 20 லிட்டர் குடிநீர்க் கேன் என்றால் 24 போதும், பாதுகாப்பும் அதிகம்.

தெர்மக்கோல் வேண்டவே வேண்டாம். அருமையாக மிதக்கும். ஆனால் பாறையில் உரசியதும் வெள்ளை மணிகளாக உதிரும், அவற்றைத் திரும்ப அள்ள யாராலும் முடியாது. மீன் அதை இரை என்று நினைத்து விழுங்கும்.

## எந்த ஆற்றில் எது

தடுப்பணைக்கு மேல் தேங்கிய தண்ணீர் என்றால் ட்ரம்மும் மூங்கிலும் சமம். துடுப்பு போடுகிறவர்களின் ஒற்றுமைதான் முடிவு செய்யும். பாறையும் ஓட்டமும் உள்ள மேல்பகுதி என்றால் மூங்கில். பொழிமுகத்துக்கு (ஆறு கடலில் சேரும் இடம்) அருகே என்றால் மூங்கில், அதுவும் காலையிலேயே. ஆகாயத்தாமரை படர்ந்த இடத்தில் இரட்டை வரிசை ட்ரம் வேண்டாம், நடுவே செடி அடைத்துக்கொள்ளும்.

அமைப்பாளர்களுக்கும் ஒரு சொல். முடிவுக்கோட்டைச் சப்பாத்துக்கு (தண்ணீர் மேலே வழிந்தோடும் தாழ்வான பாலம்) அருகிலோ தடுப்பணைக்கு அருகிலோ வைக்காதீர்கள். தடுப்பணையைத் தாண்டி விழும் தண்ணீர் அடியில் திரும்பிச் சுழல்கிறது. மேலே பார்க்க அமைதியாகத் தெரியும் அந்த இடம், விழுந்தவரைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் அதில் தப்புவது அரிது. மணல் அள்ளிய குழிகள் எங்கே இருக்கின்றன என்பதை ஊர்க்காரர்களிடம் கேட்டுக் கொடி நடுங்கள். ஆற்றுக்கு மேலே உள்ள அணைகளின் முழு நீர்மட்டம்: பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. அன்றன்றைய நீர்மட்டம் நாளிதழில் வருகிறது. அது நிறைவை நெருங்கி உபரிநீர் திறக்கும் வாய்ப்பு இருந்தால் போட்டியைத் தள்ளி வையுங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கீழே வெயிலடிக்கும்போதே மலையில் பெய்த மழை ஆற்றில் வந்துவிடும். தீயணைப்பு மீட்புத் துறையிடம் முன்கூட்டியே சொல்லி ஆட்களை வரவழையுங்கள்.

ஏறுகிற ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி வேண்டும். நீச்சல் தெரியும் என்பது அதற்கு மாற்று ஆகாது. யாரும் தங்களைத் தெப்பத்தோடு கயிற்றால் கட்டிக்கொள்ளக் கூடாது. கால் சிக்கும்படி கயிற்று வளையம் எதுவும் தொங்கக் கூடாது. ஒருவரிடமாவது உறையிட்ட சிறு கத்தி இருக்கட்டும். காலில் புண் இருந்தால் அன்று இறங்காதீர்கள். மழைவெள்ளம் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் பரவும்.

## கேட்டவர்களுக்கு என் பதில்

அருமனைத் தம்பிகளே, உங்களுக்கு மூங்கில். நான்கு பேரும் நீந்துவீர்கள், இரண்டு மாதம் இருக்கிறது, உறவினரிடம் டெம்போ இருக்கிறது என்றீர்கள். பத்து சென்டிமீட்டர் கழி பதினாறு, சைக்கிள் டியூப் ஒரு சாக்கு. பின்னால் ஒருவர் நீளத் துடுப்போடு திசை மட்டும் பார்க்கட்டும், மற்ற மூவரும் ஒரே எண்ணிக்கையில் போடுங்கள். மூங்கிலுக்குச் செலவிடும் காசைவிட, வாரம் ஒருமுறை ஒன்றாக உட்கார்ந்து துடுப்பு பழகும் நேரம் உங்களுக்கு அதிகம் பயன்தரும்.

முன்சிறை அக்காமாருக்கு ட்ரம். உங்களில் இரண்டு பேருக்கு நீச்சல் தெரியாது என்றீர்கள், போட்டி நடக்கும் இடம் தேங்கிய தண்ணீர். வரிசைக்கு மூன்றாக ஆறு ட்ரம், நீளவாக்கில். சட்டத்துக்கு மட்டும் மூங்கில். ட்ரம்கள் குழுவிலேயே மாடித்தோட்டத்துக்குப் பயன்படும் என்று நீங்களே சொன்னதால் செலவும் வீணாகாது. பிள்ளைகளுக்கு ஆசையாக இருந்தால் பக்கத்தில் ஒரு வாழைத்தடைத் தெப்பமும் கட்டிக்கொடுங்கள். இடுப்பளவுத் தண்ணீரில், ஒரு பெரியவர் கூடவே நின்றால் போதும்.

இரண்டு குழுக்களுமே போட்டிக்கு முந்தின நாள் மாலையில் தெப்பத்தைத் தண்ணீரில் இறக்குங்கள். நான்கு பேரும் ஏறி, ஒவ்வொரு மூலையிலும் இருவராகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். அடி எடுத்து வைத்தால் எந்தக் கட்டு முனகுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். ட்ரம் தெப்பத்தை அன்றிரவு கரையோரம் கட்டிப் போடுங்கள், அணையில் தண்ணீர் திறக்கவில்லை என்று விசாரித்துக்கொண்டு. காலையில் வந்து நான்கு மூலையிலும் நீர்மட்டத்திலிருந்து சட்டம்வரை சாண் போட்டு அளந்து பாருங்கள். எந்த மூலை தாழ்ந்திருக்கிறதோ அந்த ட்ரம்மைக் கழற்றிக் குலுக்குங்கள். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டால், மாற்று ட்ரம் ஒன்றை முன்பே கரையில் வைத்திருந்தால்தான் அன்று போட்டிக்குப் போகலாம்.